கொம்புக்குட்டியின் தாய்

யோசப்பினின் குடும்பம் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து கோப்பாய்க்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. தகப்பன் யாகோப்பு உயிரோடு இருந்த காலத்தில் கரையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். வள்ளத்தின் முகப்பில் அந்தோனியாரையும் மாதாவையும் படமாகக் கீறுகிறவரும் அவர்தான். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு மகள் தூரிகையை எடுத்தாள். பிறகு சண்டை மூண்டு கடலுக்குப் போவது நின்றது. பெயர் எழுத வள்ளம் இல்லை. தாய் அருமைநாயகி, தம்பி கனிசியஸ், அவள் மூவரும் கோப்பாயில் ஒருவரின் தோட்டக்காணி ஓரத்தில் ஓலைக்கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

நல்லூரில் கதிரவேலு என்பவரின் அச்சகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலால் மிதிக்கிற பழைய இயந்திரம் என்பதால் மின்சாரம் இல்லாமலும் ஓடியது. அதில்தான் அவர் சிறுவர்களுக்கு ஒரு மாத இதழ் அச்சடித்தார். பள்ளிக் கொப்பித்தாள், மாப்பையைக் கிழித்த தாள், எது கிடைத்ததோ அதில். படம் போடப் புளொக் எனும் உலோக அச்சுக்கட்டை கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைச் சவரஅலகால் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டி, மை பூசி யோசப்பின் ஒரு கொக்கைப் பதித்துக் காட்டினாள். கதிரவேலு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து வரச்சொன்னார்.

படக்கதை ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. வானத்தில் பறந்து வந்து ஆபத்திலிருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு வீரன் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். யோசப்பின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மேலை பறக்கிறதைக் கண்டா இப்ப பிள்ளையள் பங்கர்க்குழிக்குள்ளை ஓடுதுகள், ஐயா. இவனும் பறந்து வந்தா ஆர் நிண்டு பார்க்கிறது?” என்று கேட்டாள்.

கதிரவேலுவுக்கு அது சரியாகப் பட்டது. அப்படியென்றால் அவன் எப்படி வருவான் என்று கேட்டார். நிலத்துக்குக் கீழாலே வரட்டும் என்றாள் அவள்.

அப்படித்தான் கொம்புக்குட்டி பிறந்தான். பன்னிரண்டு வயதுப் பையன். நெற்றியில் ஆட்டுக்குட்டிக்கு முளைப்பது போல இரண்டு கொம்பு, பின்னால் நுனி சுருண்ட வால். அவன் பேய்தான். நிலாவரையின் ஆழக்கிணற்றின் அடியில் இருந்தான். யாழ்ப்பாணத்து நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் ஓட்டை ஓட்டையாக இருப்பதால், தண்ணீரோடு தண்ணீராக நீந்தி எந்த ஊர்க் கிணற்றிலும் அவனால் தலைநீட்ட முடிந்தது. அதுதான் அவனுடைய முதல் வல்லமை.

ஏன் பேய் என்று கதிரவேலு கேட்டபோது, குருநகர்க் கோயிலில் இருக்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சுருவச் சிலையைப் பற்றி அவள் சொன்னாள். சம்மனசு ஈட்டியோடு நிற்பார். காலடியில் ஒரு பசாசு கிடக்கும். சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவள் சம்மனசைப் பார்ப்பதில்லை. மிதிபட்டுக் கிடந்த அந்த முகத்தையே பார்ப்பாள். களவாக மாங்காய் பிடுங்கி அகப்பட்ட பிள்ளையின் முகம் மாதிரி அது இருக்கும். கதிரவேலு சிரித்தார். தங்களுடைய சூரனும் கடைசியில் முருகனுக்கு மயிலாகவும் சேவலாகவும் ஆனவன்தானே, கெட்டுப்போகவில்லையே என்று சொல்லி, கொம்புக்குச் சம்மதித்தார்.

அருமைநாயகி சம்மதிக்கவில்லை. மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த தாளைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

“ஊரைவிட்டு ஓடிவந்து கிடக்கிறம். இந்த நேரத்திலை பசாசைக் கீறி வீட்டுக்குள்ளை கொண்டாறியோ?”

அதற்குப் பிறகு யோசப்பின் அந்த வேலையை அச்சகத்தோடு வைத்துக்கொண்டாள்.

கொம்புக்குட்டியோடு முதல் இதழ் வந்ததிலிருந்து ரியூசன் விட்டுப் போகிற பிள்ளைகள் சைக்கிளை அச்சக வாசலில் சாத்திவிட்டு உள்ளே வரத் தொடங்கினார்கள். கொம்புக்குட்டிக்கு என்ன செய்யத் தெரியும், என்ன தெரியாது என்று கேட்பார்கள். தெரியாது என்று அவள் எதைச் சொன்னாலும் அவர்களுடைய முகம் வாடிவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு வல்லமை கூடிக்கொண்டே போனது. மண்ணெண்ணெய் இல்லாத வீடுகளில் அவனுடைய கொம்புநுனி விளக்காக எரிந்தது. பூட்டிய கதவு அவன் வாலை நீட்டினால் திறந்தது. குண்டுபோடும் பொம்பர் வந்தால் அவன் வாயை அகலத் திறந்து வெடிச்சத்தத்தை அப்படியே விழுங்கிவிடுவான். பிறகு வயிறு ஊதி, வலியில் உருண்டு புரண்டு, கிணற்றுக்குள் போய் ஏப்பம் விடுவான். வலிகாமப் பகுதி முழுக்க இடி இடித்ததாக நினைத்துச் சனம் காயப்போட்ட பனங்கிழங்குப் புழுக்கொடியலை அள்ளும். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார்கள். சத்தம் கேட்டால் கொம்புக்குட்டியைப் போல வாயைத் திறந்துகொண்டு பங்கருக்குள் இருக்கிறோம் என்று ஒரு பெட்டை சொன்னாள். அன்று யோசப்பினுக்குப் பசியே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த இதழின் கடைசிக் கட்டத்தில், கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து கொம்புக்குட்டி கையை நீட்டுவது போலக் கீறி, கீழே இப்படி எழுதினாள்: “எந்தக் கிணற்றடியிலும் வந்து என்னைக் கூப்பிடுங்கள். நான் வருவேன்.”

அந்த இதழ் கடைகளுக்குப் போய்ச் சில நாள் கழித்து ஒரு முற்பகலில், பெண்ணொருத்தி அச்சகத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் மூக்குத்தி. அச்சுவேலியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்ததில் சேலை வேர்வையில் நனைந்திருந்தது. மடியிலிருந்து இதழை எடுத்து மேசையில் வைத்து, கடைசிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இதைக் கீறினது ஆர்?”

கதிரவேலு எழுந்து, இதழுக்குப் பொறுப்பு தான்தான் என்று தொடங்கினார். யோசப்பின் கையிலிருந்த அலகைக் கீழே வைத்தாள்.

“நான்தான் அக்கா.”

வந்தவள் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அவளுடைய பெயர் மீனாம்பிகை. வெங்காயத் தோட்டம் செய்கிறவள். புருஷன் கொழும்பில் புடைவைக்கடையொன்றில் வேலை. பாதை பூட்டினதிலிருந்து வரவில்லை. ஒரே மகள் குணலட்சுமிக்கு ஒன்பது வயது. முந்தநாள் தாய் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அந்தப் பிள்ளை தோட்டக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. சேறு எடுக்க இறங்குகிறவர்கள் கால் வைப்பதற்கென்று உட்சுவரில் வெட்டிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, தண்ணீர்மட்டத்துக்கு மேலே பாறை விளிம்பில் போய் நின்றிருக்கிறது. ஏறமுடியவில்லை. கால் வழுக்கிக் கணுக்கால் பிரண்டுவிட்டது. தாய் திரும்பிவந்து வீடு, வளவு, பக்கத்துக் காணி எல்லாம் தேடிக் கத்திக்கொண்டு திரிந்தபோது, கிணற்றுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் பஞ்சலிங்கம் துலாக்கயிற்றைப் பிடித்து இறங்கித்தான் தூக்கினார். விளிம்பிலிருந்து இன்னும் ஒரு அடி வழுக்கியிருந்தால் அங்கே ஆள்தாழ்ச்சித் தண்ணீர்.

அவள் சத்தம்போட்டு ஏசவில்லை. அதைவிட ஏசியிருக்கலாம் என்று யோசப்பினுக்கு இருந்தது.

“உமக்குப் பிள்ளையள் இருக்கோ?” என்று மீனாம்பிகை கேட்டாள்.

“இல்லை அக்கா.”

“உந்தக் கொம்புக்குட்டிக்கும் தாய் இல்லைப் போலகிடக்கு. எல்லா வல்லமையும் குடுத்திருக்கிறீர். தாய் ஒருத்தி இருந்தா, ஊர்ப்பிள்ளையளைக் கிணத்தடிக்குக் கூப்பிடு எண்டு விட்டிருப்பாளோ?”

இதழை மேசையிலேயே விட்டுவிட்டு அவள் போனாள்.

யோசப்பின் அந்த இதழை எடுத்து மடித்துவைத்தாள். மறுநாள் காலை வந்ததும் ஒரு துண்டு ரப்பரை எடுத்து, கொம்புக்குட்டியின் கதையை முடிக்கும் கடைசிப் படத்தைச் செதுக்கினாள். அவன் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலுக்குள் இறங்குகிறான். உப்புத்தண்ணீர் பட்டதும் கரையத் தொடங்குகிறான். கொம்பு மட்டும் வெளியே தெரிகிறது. கதிரவேலு அதைப் பார்த்தார். மை பூசி ஒரு படி எடுத்துக் காயவைத்தார். அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற யோசப்பினுக்கு, அச்சில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பிள்ளையை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. கதிரவேலுவின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அச்சுவேலிக்குப் புறப்பட்டாள். வழியில் ஹெலிகொப்டரொன்று தூரத்தில் சுற்றியது. மதிலோரம் இறங்கி நின்று, அது போன பிறகு மிதித்தாள்.

வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மீனாம்பிகை முற்றத்தில் வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். யோசப்பினைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனால் வெயிலில் வந்தவளை வாசலில் நிற்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே வரச்சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

குணலட்சுமி பாயில் இருந்தாள். கணுக்காலில் எண்ணெய்ச் சீலை சுற்றியிருந்தது. யாரென்று தெரிந்ததும் கண் விரிந்தது.

“கொம்புக்குட்டியைக் கீறுற அக்காவோ நீங்கள்?”

ஓம் என்றாள் யோசப்பின். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. கொம்புக்குட்டி உண்மையில் இல்லை, அது வெறும் கதை என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அவளை இரக்கத்தோடு பார்த்தது.

“கதையெண்டு தெரியும் அக்கா. எண்டாலும் கூப்பிட்டுப் பார்ப்பம் எண்டுதான் இறங்கினனான்.”

“எதுக்கு அவனைக் கூப்பிட்டனீங்கள்?”

கொழும்புக்குப் போகிற வழியிலுள்ள வவுனியாவிலும் கிணறு இருக்கிறது என்று அப்பா ஒருமுறை சொன்னாராம். இங்கே உள்ள கிணறுகள் எல்லாம் கீழே ஒன்றோடொன்று தொடுப்பென்றால், அந்தக் கிணற்றுக்கும் வழி இருக்குமோ என்று கொம்புக்குட்டியிடம் கேட்கத்தான் போனாளாம். மேலே நின்று கூப்பிட்டால் கேட்காதென்று கீழே இறங்கினாளாம். வழி இருந்தால் அவனே போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாம். இதையெல்லாம் அவள் கடைக்குப் போய்வந்த கதை மாதிரி இயல்பாகச் சொன்னாள்.

“கனநேரம் கூப்பிட்டனான். அவன் வரேல்லை. அது ஏன் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மா சொன்னவ, அவனுக்குத் தாய் இல்லையாம் எண்டு. எனக்கெண்டா இருக்குமெண்டுதான் படுகுது. தாய் விட்டிருக்கமாட்டா. அதுதான் வரேல்லை.”

மீனாம்பிகை கொண்டுவந்த தேத்தண்ணியை யோசப்பின் கையில் வாங்கினாள். பனங்கட்டித் துண்டை நீட்டிக்கொண்டு நின்ற மீனாம்பிகையும் மகளின் கடைசிச் சொல்லைக் கேட்டிருக்கவேண்டும். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் கடலில் கரைகிற படத்தை மரக்கட்டையிலிருந்து உரித்தெடுத்து, குப்பைக்குள் போட்டாள் யோசப்பின். கொம்புக்குட்டிக்குத் தாய் இருக்கிறாள் என்று கதிரவேலுவிடம் சொன்னாள். இவ்வளவு நாளும் எங்கே இருந்தவள் என்று அவர் கேட்டார். வேலைக்குப் போயிருந்தவள் என்றாள்.

தாயைக் கீறுவது சுலபமாக இருந்தது. பெரிய கொம்பு, கொண்டை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிய ஒரு பேய்ச்சி. ஆனால் அவள் என்ன பேசுவாள் என்பது வரவில்லை. எழுதியதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துத் தாய் கதைப்பது போல இருந்தது. எழுதி எழுதி வெட்டினாள்.

பின்னேரம் கொட்டிலுக்குப் போனபோது அருமைநாயகி பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். யோசப்பின் பக்கத்தில் குந்தினாள். கொம்புக்குட்டியின் வல்லமைகள், அச்சுவேலிப் பிள்ளை கிணற்றுக்குள் இறங்கினது எல்லாவற்றையும் தாய்க்குச் சொன்னாள். கேட்கக் கேட்க அருமைநாயகியின் கை நின்றுபோனது. கடைசியில் யோசப்பின் கேட்டாள்:

“அம்மா, அந்தப் பசாசுக்கு ஒரு தாய் இருந்தா, அவனைப் பிடிச்சு என்னெண்டு பேசுவா?”

அருமைநாயகி சிலுவை வரைந்துகொள்ளவில்லை. மாவை விரலால் உதிர்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

“பசாசெண்டாலும் பெத்தவளுக்குப் பிள்ளைதானே. கொம்பிலை பிடிச்சு இழுத்துக்கொண்டுவந்து நிப்பாட்டுவாள். ‘எட, நீ நீந்துவாய். நீ கிணத்திலை பிறந்தனி. அதுகள் என்ன மீனோ? அதுகளைப் பெத்தவளின்ரை வயிறு உனக்குத் தெரியுமோ? கூப்பிட்ட இடத்துக்கு நீ போ. உன்னட்டை வா எண்டு ஒரு பிள்ளையையும் கூப்பிடாதை. இண்டைக்குத் தொடக்கம் பொழுதுபட்டா வெளியிலை போகேலாது. சத்தம் விழுங்கினதும் காணும், இனிப் போதும், வயிறு என்னத்துக்காகும்?’”

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கனிசியஸ் பன்னிரண்டு வயதில் சொல்லாமல் கட்டுமரத்தில் ஏறிப் போன அன்று இதே பேச்சைத்தான் தாய் கரையில் நின்று அவனுக்குப் பேசியிருந்தாள். யோசப்பினுக்கு ஞாபகம் இருந்தது. வாசலில் இருந்து வலை பின்னிக்கொண்டிருந்த கனிசியஸுக்கும் ஞாபகம் இருந்ததால் அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். யோசப்பின் ஒரு கரித்துண்டை எடுத்து, கிடைத்த தாளில் தாய் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்.

புதிய இதழில் அது அப்படியே வந்தது. கொம்புக்குட்டி இப்போது ஊரூராகப் போய், குனிந்து பார்க்கிற பிள்ளைகளைக் கிணற்றுக்கட்டிலிருந்து தள்ளி நிறுத்தினான். “கிணத்தாலை வாறது நான். நீங்கள் வரப்படாது. பங்கர் வாசல்லை இருந்து நினையுங்கோ, அது காணும்,” என்றான். பொழுதுபட்டதும் அவன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. போகாவிட்டால் நிலத்துக்குக் கீழேயிருந்து தாயின் குரல் வரும்; அந்தக் குரலை மட்டும் அவனால் விழுங்க முடியாது.

வல்லமை குறைந்ததால் பிள்ளைகள் இதழை வாங்கமாட்டார்களோ என்று கதிரவேலு பயந்தார். சில பையன்கள் வந்து முறைப்பட்டதும் உண்மைதான். ஆனால் பேய்ச்சியின் பேச்சை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தபடிதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். புதிதாக நடந்தது என்னவென்றால், தாய்மாரும் இதழை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு கடைக்காரர், இன்னும் கொஞ்சம் பிரதி தாருங்கள் என்று ஆள் அனுப்பினார்.

மீனாம்பிகை ஒருநாள் அச்சகத்துக்கு மீண்டும் வந்தாள். இந்தமுறை சைக்கிளின் பின்னால் குணலட்சுமி இருந்தாள். கூடையில் வெங்காயமும் கத்தரிக்காயும் இருந்தன. மேசையில் கிடந்த இதழை எடுத்துப் பேய்ச்சியின் படத்தை நன்றாகப் பார்த்தாள்.

“மூக்கு என்ரை மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

“ஓம் அக்கா. கோபமோ?”

“கொம்பை இன்னுங்கொஞ்சம் நீட்டியிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டுக் கூடையை நீட்டினாள்.

அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டானது. அடுத்த வருஷம் பூட்டிய பாதைக்குப் பதிலாகக் கிளாலிக் கடலேரி வழியாகப் படகில் ஆட்களை ஏற்றி இறக்கத் தொடங்கியபோது, வலையும் வள்ளமும் பழகிய கனிசியஸ் அங்கே படகோட்டப் போனான். ஒவ்வொரு நடையிலும் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தான். அக்கரையில் நிற்கிற சனத்திடம் மீனாம்பிகையின் புருஷனுடைய பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே இருந்தான். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அவரை வவுனியாவில் கண்டதாகச் சொன்னார். பிறகு ஒருநாள் அவரே வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, ஒரு பையோடு கனிசியஸின் படகில் ஏறியிருந்தார். அச்சுவேலியில் அவர் வீட்டுப் படலையைத் திறந்தபோது குணலட்சுமிக்கு முதலில் ஆளை அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. தெரிந்த பிறகு அன்று முழுக்க அவர் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்தபடியே திரிந்தாள்.

அதற்கு நன்றி சொல்லவென்று மீனாம்பிகை கோப்பாய்க் கொட்டிலுக்கு வந்திருந்த பின்னேரத்தில், யோசப்பின் புதிய கதையொன்றுக்கு ரப்பர் செதுக்கிக்கொண்டிருந்தாள். கொம்புக்குட்டி களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறான். தாய் பேசி முடித்துவிட்டுச் சாப்பாடு போடுகிறாள். என்ன சாப்பாடு என்று யோசப்பின் சும்மா கேட்டதுதான் தாமதம், இரண்டு தாய்மாருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

களைத்து வந்த பிள்ளைக்கு ஒடியற்கூழ்தான், அதுவும் நண்டு போட்டு, என்றாள் அருமைநாயகி. அன்றைக்கு மச்சம் சாப்பிடாத வெள்ளிக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது, கத்தரிக்காய்க் குழம்பும் சோறுந்தான் சரி, என்றாள் மீனாம்பிகை. பசாசுக்கு என்ன வெள்ளிக்கிழமை என்று அருமைநாயகி கேட்டாள். நிலாவரையிலை இருக்கிறவன் எங்கடை பக்கத்துப் பிள்ளை, அவனுக்கு வெள்ளிக்கிழமை உண்டு என்றாள் மீனாம்பிகை. நண்டைக் கண்டே எத்தனை காலம் என்று சொல்லி அருமைநாயகி சிரிக்க, மற்றவளும் சிரித்தாள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

யோசப்பின் பானையைப் பெரிதாகச் செதுக்கினாள். மூடியைத் திறக்கவில்லை. மூடியின் ஓரத்தால் ஆவி மட்டும் கிளம்பிப்போனது. கொம்புக்குட்டி கண்ணை மூடி மணம்பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த இதழ் வெளிவந்ததும் பிள்ளைகள் அச்சகத்து வாசலில் வந்து கூடினார்கள். பானைக்குள் என்ன என்று கேட்டார்கள். நீங்கள் சொல்லுங்கோவன் என்றாள் யோசப்பின். ஒருவன் பால்கஞ்சி என்றான். ஒருத்தி மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் என்றாள். இல்லை, அவித்த பனங்கிழங்கு என்றான் இன்னொருவன். தங்கடை அம்மா வைக்கிற இறால் குழம்பு அதற்குள் இருக்கிறதென்று பின்னால் நின்ற சின்னப்பெட்டை சத்தியம் பண்ணினாள். கதிரவேலு இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.